நல்ல சேதியும் நம்பிக்கையும்



மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். மன்னர் கதைகளை விட்டுவிட்டு, நாம் எல்லோரும் வாழ்ந்து கடந்த ஒன்றையே எழுதுகிறேன். கொரோனாக் காலத்தில் "தடுப்பூசி கண்டுபுடிச்சுட்டாங்களாம்" என்ற சேதி வந்தபோது, நம் மக்கள் அதை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பதே பொருள்.

எங்கள் தேவதானம், தென்பாண்டி நாட்டுப் பஞ்சபூதத் தலங்களில் ஆகாயத் தலம். சுவாமியின் திருநாமம் நச்சாடை தவிர்த்தருளியவர். பாண்டியனைக் கொல்ல வந்த நஞ்சு தோய்ந்த ஆடையைத் தடுத்து ஆட்கொண்டார் என்பது தலக்கதை. அப்படிப்பட்ட ஊரில் ஊசிக்குப் பயமா என்று கேட்கலாம். பயம் இருக்கத்தான் செய்தது. அதற்கு வரலாற்றில் காரணமும் உண்டு.

1897 ஜனவரியில் பம்பாயில் பிளேக் பரவியபோது, ஹாஃப்கின் என்ற அறிஞர் தாம் தயாரித்த தடுப்பு மருந்தை முதலில் தம் உடம்பிலேயே ஏற்றிக்கொண்டார். பிறகு பைகுல்லா சிறையில், விரும்பி முன்வந்த கைதிகளுக்குப் போட்டுப் பார்த்தார். பலன் தெரிந்தது; சேதி பரவியது. ஆனால் 1902-இல் பஞ்சாபின் முல்கோவால் கிராமத்தில் ஒரு புட்டி மருந்தில் கிருமி கலந்து, 19 பேர் வில்வாத ஜன்னியில் இறந்தனர். ஆயிரக்கணக்கானோர் பிழைத்த கதையை விட இந்தப் 19 பேர் கதைதான் வேகமாக ஊர் ஊராகப் போனது.

நம் மாநிலத்துக்கே வருவோம். 1948-இல் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் காசநோய்க்கான பி.சி.ஜி. மருந்து தயாரானது. 1955-இல் ராஜாஜியே அந்த ஊசியை எதிர்த்துப் பேசினார், எழுதினார். 1968-இல் செங்கற்பட்டு மாவட்டத்தில் சுமார் இரண்டரை லட்சம் பேரைக் கொண்டு ஒரு மாபெரும் பரிசோதனை தொடங்கியது. 1979-இல் முடிவு வெளியானபோது உலகமே திகைத்தது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை! குழந்தைகளுக்கு வரும் கடுமையான காசநோயைத் தடுப்பதால், பிறந்த குழந்தைக்கு அது இன்றும் போடப்படுகிறது. எதிர்பார்ப்பு வேறு, முடிவு வேறு என்பதை நம் மண்ணில் நடந்த பரிசோதனையே கற்றுத் தந்தது.

இனி 2020. ஜூலை 2-ஆம் தேதி ஐ.சி.எம்.ஆர். தலைவர் எழுதிய கடிதம் ஒன்று வெளியானது. ஆகஸ்ட் 15-க்குள் உள்நாட்டுத் தடுப்பூசி வர வேண்டும் என்பது அதன் சாரம். மனிதர்களுக்குப் போட்டுப் பார்ப்பதே அப்போது தொடங்கியிருக்கவில்லை. இவ்வளவு அவசரம் ஆகாது என்று விஞ்ஞானிகள் கண்டித்தார்கள். எங்கள் பஸ் ஸ்டாப்பிலோ, "சுதந்திர தினத்துக்குள்ள வந்துருமாம்ல" என்று ஒரே பேச்சு. ஆகஸ்ட் 15 வந்தது, ஊசி வரவில்லை. முதல் ஏமாற்றம் அது.

நவம்பர் 9-ஆம் தேதி, ஃபைசர் தடுப்பூசி 90 சதவீதத்துக்கு மேல் பலன் தருகிறது என்ற அறிவிப்பு வந்தது. டீக்கடையில் ஒரு பெரியவர் என்னைக் கேட்டார்: "அப்ப பத்துப் பேருக்கு ஊசி போட்டா ஒருத்தனுக்கு நோய் வந்துருமா சார்?" படித்தவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். கணக்கு அதுவல்ல. பரிசோதனையில் சுமார் 43 ஆயிரம் பேர். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் உப்புநீர். இறுதிக் கணக்கில் நோய் கண்டவர்கள் 170 பேர். அதில் உப்புநீர் போட்டவர்கள் 162, மருந்து போட்டவர்கள் 8. இந்த வித்தியாசம்தான் 95 சதவீதம். இதைச் சொன்னதும் பெரியவர், "இதை இப்படியே பேப்பர்ல போட்டா என்னவாம்?" என்றார். நியாயமான கேள்வி.

2021 ஜனவரி 3-இல் கோவிஷீல்டு, கோவாக்சின் இரண்டுக்கும் அனுமதி கிடைத்தது. கோவாக்சினின் மூன்றாம் கட்டப் பரிசோதனை முடிவு அப்போது வந்திருக்கவில்லை. அதன் முதல் கணக்கு மார்ச்சில்தான் வந்தது. ஜனவரி 16-இல் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் முதலமைச்சர் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். கேட்ட ஊசி கைக்கு வந்த பிறகு, "மொதல்ல அவுக போட்டுக்கிடட்டும், பாப்போம்" என்று ஜனம் ஒதுங்கியது. ஏப்ரல் 15-இல் நடிகர் விவேக் ஊசி போட்டுக்கொண்டார்; 17-இல் மாரடைப்பால் காலமானார். ஊசிக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை என்று மருத்துவர்களும் பின்னர் நிபுணர் குழுவும் சொன்னார்கள். ஆனால் அவர் பூர்வீகம் நமக்குப் பக்கத்துச் சங்கரன்கோவில் சீமை. நம் பக்கத்துப் பிள்ளை போன துக்கத்தில் விளக்கம் யார் காதில் ஏறும்?

மே மாதம் இரண்டாம் அலை. தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36 ஆயிரம் பேருக்குத் தொற்று. பேண்டேஜ் துணிக்குப் பேர்போன சத்திரப்பட்டியைப் பக்கத்தில் வைத்திருக்கிற நமக்கு ஆஸ்பத்திரிச் சாமான் புதிதல்ல. ஆக்சிஜனுக்கு அலைந்ததுதான் புதிது. ஊசிக்கு ஓடினால் ஜூன் மாதத்தில் பல இடங்களில் "ஸ்டாக் இல்லை". தயங்கிய நாட்களின் விலையைச் சில குடும்பங்கள் உயிராகக் கொடுத்தன. செப்டம்பர் 12-இல் நடந்த முதல் மெகா முகாமில் ஒரே நாளில் 28 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஊசி போட்டுக்கொண்டார்கள்.

இடையில் மக்கள் மனத்தை மாற்றியது சதவீதக் கணக்கு அல்ல. ஊசி போட்ட அண்டை வீட்டார் நன்றாக நடமாடுவதைப் பார்த்தார்கள். வீடு வீடாக வந்த நர்சம்மா, "ரெண்டு நாளு காய்ச்சலடிக்கும், பயப்படாதீக" என்று முன்கூட்டியே சொன்னார். சொன்னபடியே காய்ச்சல் வந்து போனது. அங்கேதான் நம்பிக்கை பிறந்தது.

நண்பர்களே, நம் கல்லூரியில் படித்தவர்கள் இன்று ஆசிரியர்களாக, அலுவலர்களாக, வியாபாரிகளாக ஊர்தோறும் இருக்கிறோம். அடுத்த கொள்ளைநோய் வரும்போதும் தெருவில் உள்ளவர்கள் நம்மிடம்தான் "இது நெசமா?" என்று கேட்பார்கள். நல்ல சேதியைக் கூட்டாமல், கெட்ட சேதியை மறைக்காமல், தெரிந்ததை அவர்களுக்குப் புரியும்படி சொல்வது நாம் கற்ற கல்விக்குச் செய்யும் மரியாதை.