டெங்கிலிருந்து மீண்டவர்க்கும் அவதானம் தேவை

டெங்குக் காய்ச்சலில் இருந்து குணமடைந்தோர், 'ஒரு தடவை வந்து போய்விட்டது, இனிப் பயமில்லை' எனக் கூறுவதை நாம் அடிக்கடி செவிமடுக்கின்றோம். ஒருமுறை கண்டால் மீண்டும் வருவது அரிதான சின்னமுத்து போன்றதே டெங்கும் என்ற எண்ணமே இதற்குக் காரணமாகும். இந்த எண்ணம் ஆபத்தானது என்பதை நாம் உணர வேண்டும்.

டெங்கு வைரஸில் நான்கு வகைகள் உள்ளன. ஒரு வகையின் தொற்றிலிருந்து மீண்டவரின் உடலில் உருவாகும் பிறபொருளெதிரிகள், அந்த வகைக்கு எதிராக நீண்டகாலப் பாதுகாப்பை வழங்குகின்றன. ஏனைய மூன்றுக்கும் எதிரான பாதுகாப்போ தற்காலிகமானது. அது குன்றிய பின்னர் வேறொரு வகை தொற்றுமாயின், பழைய பிறபொருளெதிரிகள் அவ்வைரஸைப் பற்றிக்கொள்கின்றனவேயன்றி அதனைச் செயலிழக்கச் செய்வதில்லை. மாறாக, அது வெண்குருதிக் கலங்களினுள் இலகுவாக நுழைந்து பெருகுவதற்கு அவையே வழிகோலக்கூடும். காவலனே கள்வனுக்குக் கதவு திறந்துவிடும் நிலை இது.

பிலிப்பைன்ஸில் 2016 முதல் 8 இலட்சத்துக்கும் அதிகமான சிறுவர்களுக்கு டெங்குத் தடுப்பூசி ஏற்றப்பட்டது. முன்னர் டெங்குத் தொற்றுக்கு உள்ளாகாதவர்களுக்கு அத்தடுப்பூசியே முதற்தொற்றைப் போன்று அமைந்து, பின்னர் ஏற்படும் தொற்றைக் கடுமையாக்கக்கூடும் என 2017 இன் இறுதியில் தெரியவந்ததும் அத்திட்டம் இடைநிறுத்தப்பட்டது.

எமது நாட்டில் 2009 முதல் பெரும்பாலும் முதலாம் வகை வைரஸே மேலோங்கியிருந்தது. 2017 இல் இரண்டாம் வகை பரவியபோது 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் அதிகமானோர் பீடிக்கப்பட்டதுடன், நானூறுக்கும் மேற்பட்ட உயிர்களை நாம் இழந்தோம்.

இரண்டாவது தொற்றுகள் அனைத்தும் கடுமையாவதில்லை. எனினும் முன்னர் டெங்கு கண்டவர்கள், மீண்டும் காய்ச்சல் ஏற்படின் அதனை வைத்தியரிடம் கூறுதல் அவசியம். காய்ச்சல் தணிவதைக் குணமடைதலாகக் கருதிவிடலாகாது. குருதி நாளங்களிலிருந்து திரவம் கசியும் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் அப்போதே ஆரம்பிக்கின்றது. கடும் வயிற்றுவலி, தொடர் வாந்தி, குருதிக் கசிவு, கடும் சோர்வு என்பன தென்படின் உடனடியாக வைத்தியசாலையை நாடவேண்டும். அஸ்பிரின், இபுபுரோபன் போன்ற மாத்திரைகளைத் தவிர்க்க வேண்டும்.

ஒரு தடவை தப்பியவரின் வீட்டு முற்றத்திலும் நீர் தேங்க விடலாகாது. மீண்டவரே கூடுதல் அவதானத்துடன் இருக்க வேண்டியவர் என்பதை நாம் மறந்துவிடக்கூடாது.