மதுரை வட்டாரத்தில் கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாட்டுச் சிகிச்சையின் வரலாறு

கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு என்பது குழந்தைப் பருவத்தில் தொடங்கும் நரம்பு வளர்ச்சிக் குறைபாடு ஆகும். கவனம் நிலைக்காமை, ஓரிடத்தில் அமர இயலாமை, யோசியாமல் செயல்படுதல் ஆகியவை இதன் முதன்மை அறிகுறிகள். இவை 12 வயதுக்கு முன்பே தொடங்கி, வீட்டிலும் பள்ளியிலும் ஆறு மாதங்களுக்குக் குறையாமல் தொடர்ந்தால்தான் மருத்துவர்கள் இக்குறைபாட்டை உறுதி செய்வர்.

சிகிச்சையின் தோற்றம்

1902இல் இலண்டன் மருத்துவர் ஜார்ஜ் ஸ்டில் இத்தகைய குழந்தைகளைப் பற்றி விரிவுரையாற்றினார். 1937இல் அமெரிக்காவின் சார்லஸ் பிராட்லி, பென்செட்ரின் மருந்து கொடுக்கப்பட்ட சிறுவர்கள் பலர் பாடத்தில் ஊன்றியதைக் கண்டார். 1944இல் உருவாக்கப்பட்ட மெத்தில்பெனிடேட் பின்னர் முதன்மை மருந்தாயிற்று. 579 குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 1999இல் வெளியான அமெரிக்க ஆய்வில், முறையாகக் கண்காணித்துத் தரப்பட்ட மருந்து, நடத்தைப் பயிற்சியைவிட அறிகுறிகளை நன்கு குறைத்தது தெரியவந்தது. ஆனால் மூன்றாம் ஆண்டின் முடிவில் அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. மருந்து மட்டுமே போதாது என்பதை இது உணர்த்தியது.

மதுரையில்

மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் இத்தகைய குழந்தை நெடுங்காலம் 'சேட்டைக்காரப் பிள்ளை' என்றே அறியப்பட்டது. வீட்டார் கோடாங்கியிடம் குறி கேட்பதும் தாயத்துக் கட்டுவதும் உண்டு. பள்ளியில் பிரம்பே மருந்தாக இருந்தது. அடியால் குழந்தையின் கவனம் கூடவில்லை. பள்ளியின் மீது அச்சமே கூடியது.

1954இல் மதுரை மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. அதனுடன் இணைந்த அரசு இராசாசி மருத்துவமனை தென்மாவட்ட மக்களுக்கு முக்கிய சிகிச்சை இடமாயிற்று. 1992இல் எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை மதுரையில் மனநலப் பணியைத் தொடங்கியது. 2001 ஆகஸ்டு 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஏற்பட்ட தீ விபத்தில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் உட்பட 28 பேர் இறந்தனர். மனநலச் சிகிச்சை எவ்வாறு இருக்க வேண்டும் என்ற கேள்வியை இத்துயரம் நாடு முழுவதும் எழுப்பியது.

பள்ளியில் வந்த மாற்றங்கள்

2007 முதல் தமிழகத் தொடக்கப் பள்ளிகளில் பரவிய செயல்வழிக் கற்றல், குழந்தைகள் எழுந்து சென்று அட்டை எடுத்துத் தம் வேகத்தில் கற்க இடமளித்தது. இக்குறைபாட்டுக்காக அது வகுக்கப்படவில்லை. எனினும் உட்கார முடியாத குழந்தைக்கு அது ஓரளவு பொருந்தியது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் உடல் தண்டனையைத் தடை செய்தது. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத்திட்டத்தின் 30 நோய்நிலைகளுள் இக்குறைபாடும் ஒன்று. இத்திட்டத்தின் மருத்துவக் குழுக்கள் பள்ளிகளுக்கே வந்து குழந்தைகளைப் பரிசோதித்து, மாவட்ட மையத்துக்கு அனுப்புகின்றன.

இன்றைய சிகிச்சை

ஆறு வயதுக்கு உட்பட்டோருக்குப் பெற்றோர் பயிற்சியே முதல் சிகிச்சை. அதற்கு மேல் நடத்தைப் பயிற்சியும், தேவைப்பட்டால் மருந்தும் சேர்க்கப்படும். மெத்தில்பெனிடேட் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. மருத்துவர் சீட்டின்றி வாங்கக் கூடாது. பசி குறைதல், தூக்கம் தாமதமாதல் ஆகியவை அதன் பக்கவிளைவுகள். எனவே உயரம், எடை, இரத்த அழுத்தம் ஆகியவற்றைக் கண்காணிக்க வேண்டும். இதற்கு மாற்றாக அடோமாக்சிட்டின் தரப்படுவதும் உண்டு.

வகுப்பறையில் முன்வரிசை இருக்கை, ஒரு நேரத்தில் ஒரே கட்டளை, சிறு பகுதிகளாகப் பிரித்த வீட்டுப்பாடம், உடனடிப் பாராட்டு ஆகியவை பயன் தரும். இவற்றுக்குச் செலவில்லை.

எஞ்சியுள்ள குறைகள்

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கூறும் 21 வகைகளுள் கற்றல் குறைபாடு உண்டு. இக்குறைபாடு தனி வகையாக இல்லை. ஓடியாடும் சிறுவன் எளிதில் கவனிக்கப்படுகிறான். ஆனால் அமைதியாக அமர்ந்தபடியே கவனம் சிதறும் சிறுமி 'மந்தம்' என ஒதுக்கப்படுகிறாள். அவளை அடையாளம் காணும் வாய்ப்பு, தினமும் அவளைப் பார்க்கும் வகுப்பாசிரியருக்கே அதிகம்.