மெல்போர்னில் ஒரு டைபிரேக்

நூறுக்கு வெளியே – 6

வங்கிக் கணக்கில் மிச்சம் 900 யூரோதான். 2023 செப்டம்பரில் இந்தியாவின் முதல்நிலை ஒற்றையர் ஆட்டக்காரர் சுமித் நாகல் சொன்ன இந்த வார்த்தையோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம்.

2019 அமெரிக்க ஓப்பனில் ரோஜர் ஃபெடரரிடமிருந்து முதல் செட்டைப் பறித்தவருக்கா இந்த நிலை? கணக்கைப் பாருங்கள். 24 போட்டிகள் ஆடி அவர் ஈட்டியது ஏறத்தாழ 65 லட்சம் ரூபாய். ஒரே ஒரு பயிற்சியாளரைக் கூட்டிக்கொண்டு நாடு நாடாகப் போய் ஆட ஆண்டுக்கு 80 லட்சம் முதல் ஒரு கோடி வரை செலவு. பிசியோவுக்கெல்லாம் அதில் இடமே இல்லை. ஜெயிக்க ஜெயிக்க கையைக் கடிக்கும் தொழில் இது!

தரவரிசையில் முதல் நூறுக்குள் இருந்தால் கிராண்ட்ஸ்லாம் பிரதான சுற்றுக்கு நேராகப் போகலாம். 2024 ஆஸ்திரேலிய ஓப்பனில் முதல் ஆட்டத்திலேயே தோற்றவருக்கும் 1,20,000 ஆஸ்திரேலிய டாலர் உண்டு. நாகலின் இடமோ 137. 2021இல் இடுப்பில் அறுவை சிகிச்சை நடந்தபின் 500க்கும் கீழே சரிந்து, அங்கிருந்து ஏறி வந்த இடம் அது. அந்த ஏற்றத்துக்குக் கைகொடுத்தவர்களில் ஒருவர், சென்னையில் வளர்ந்த சோம்தேவ் தேவ்வர்மன். ஜெர்மனியில் நாகல் பயிற்சி எடுக்கப் பண உதவி செய்தவர் அவர். நம் டென்னிஸ் அமைப்புகள் செய்திருக்க வேண்டிய வேலை அது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

2024 ஜனவரி. மெல்போர்னில் தகுதிச் சுற்றின் மூன்று ஆட்டங்களிலும் ஒரு செட்கூட விடாமல் ஜெயித்து நாகல் உள்ளே வந்தார். பிரதான சுற்றின் முதல் ஆட்டத்தில் எதிரே நின்றவர் கஜகஸ்தானின் அலெக்சாண்டர் பப்ளிக்: 31ஆம் சீடு, பயங்கர சர்வ்.

1989இல் இதே போட்டியில்தான் நம் ரமேஷ் கிருஷ்ணன், அப்போது உலகின் முதலிடத்தில் இருந்த மாட்ஸ் விலாண்டரைச் சாய்த்தார். அதன்பின் 35 ஆண்டுகள். கிராண்ட்ஸ்லாம் ஒற்றையரில் ஒரு சீடு வீரரை எந்த இந்திய ஆணும் தோற்கடிக்கவில்லை.

முதல் செட் 6-4, நாகலுக்கு. இரண்டாவது 6-2, அதுவும் நாகலுக்கே. மூன்றாவதில் பப்ளிக் விட்டுக்கொடுக்கவில்லை. 6-6.

டைபிரேக்! ஜெயித்தால் இரண்டாம் சுற்று, 1,80,000 டாலர். விட்டால் நான்காவது செட். கத்தி பட்ட இடுப்பு அதுவரை தாங்குமா?

(அடுத்த வாரம்...)