முள்ளிவாய்க்கால் நினைவு நாள்

இலங்கையின் இறுதிப் போரில் இறந்த உறவுகளை நினைந்து ஈழத்தமிழர் ஆண்டுதோறும் மே 18 அன்று கடைப்பிடிக்கும் நாள். முல்லைத்தீவு மாவட்டத்தில், நந்திக்கடல் நீரேரிக்கும் பெருங்கடலுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் மணல் நிலத்தில் முள்ளிவாய்க்கால் இருக்கிறது. 2009 மே 18 அன்று போர் அங்கேதான் முடிந்தது.

அந்த ஆண்டு ஜனவரி முதல் அரசு அடுத்தடுத்துப் ‘பாதுகாப்பு வலயங்களை’ அறிவித்தது. அவற்றை நம்பிச் சனம் ஒதுங்கிய இடங்களிலேயே எறிகணைகள் வீழ்ந்தன. வெளியேற முயன்றவர்களை விடுதலைப் புலிகள் தடுத்தனர், சிலரைச் சுட்டனர். ஐ.நா. பொதுச்செயலாளர் அமைத்த நிபுணர் குழு இரண்டையும் 2011இல் பதிவு செய்தது. பொதுமக்கள் 40,000 பேர் வரை இறந்திருக்கக்கூடும் என்றும் அது கூறியது. மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு கச்சேரிக் (மாவட்டச் செயலக) கணக்குகளை வைத்து வேறொரு கேள்வியை எழுப்பினார். 2008 ஒக்டோபரில் போர் நடந்த வன்னிப் பகுதியில் இருந்தவர்கள் 4,29,059 பேர். அரச கட்டுப்பாட்டுக்குள் வந்தவர்கள் 2,82,380 பேர். மிகுதி 1,46,679 பேருக்கு என்ன நடந்தது என்ற அவருடைய கேள்விக்கு அரசு சரியான விடை தரவில்லை.

சைவக் குடும்பங்களில் இறந்தவருக்கு முப்பத்தொன்றாம் நாள் அந்தியேட்டி செய்வர், ஆண்டுதோறும் திதி பார்த்துத் திவசம் கொடுப்பர். முள்ளிவாய்க்காலில் இறந்த பலருக்கு இதில் எதுவும் நடக்கவில்லை. பதுங்குகுழியையே மூடிவிட்டு ஓடியவர்கள், உடலைப் பாதையோரம் விட்டுவிட்டு மற்றப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நடந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தனர். எந்த நாளில் இறந்தார் என்பதே பலருக்குத் தெரியாது. ஆகவே சைவரும் கிறிஸ்தவரும் மே 18ஐயே தங்கள் இறந்தோருக்குரிய பொது நாளாக்கிக்கொண்டனர். இந்நாளின் வேர் இதுதான். அரசியல் மேடைகள் இதன்மேல் பின்னரே ஏறின.

அன்று முற்பகலில் குடும்பத்தவரை இழந்த ஒருவர் பொதுச்சுடரை ஏற்றுவார். பிறகு ஒவ்வொரு குடும்பமும் மணலில் தன் சுடரை ஏற்றும். படத்துக்கு மாலை போட்டு, இறந்தவர் விரும்பி உண்டதைப் படைத்து, பெயர் சொல்லி அழுவார்கள். அதற்கு முந்திய நாள்களில் ஊர்ச் சந்திகளிலும் கோயில் வாசல்களிலும் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சப்படும். அரிசி, தண்ணீர், உப்பு, கிடைத்தால் கொஞ்சம் தேங்காய்ப்பால்: முற்றுகைக்குள் பிள்ளைகளின் உயிரைப் பிடித்துவைத்த உணவு இதுவே. கஞ்சிக்கு வரிசையில் நின்றவர்கள்மீதும் எறிகணை விழுந்ததை உயிர் தப்பியோர் சொல்கின்றனர். இன்று அதைச் சிரட்டையில் வாங்கிக் குடிக்கும் பிள்ளைகளில் பலர் போருக்குப் பின் பிறந்தவர்கள்.

சுடர் ஏற்ற மறுக்கும் தாய்மாரும் உண்டு. போரின் கடைசி நாள்களில் முள்ளிவாய்க்காலை அடுத்த வட்டுவாகலில் கணவனையும் பிள்ளைகளையும் இராணுவத்திடம் கையளித்தவர்களுக்கு அவர்கள் ‘இறந்தோர்’ அல்லர். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் போராட்டம் இந்த மறுப்பிலிருந்து எழுந்தது.

போர் முடிந்த முதல் ஆண்டுகளில் கொழும்பு இதே நாள்களில் வெற்றி விழா எடுத்தது. வடக்கில் வீட்டு முற்றத்தில் விளக்கேற்றவும் அஞ்சினர். 2015இல் ஆட்சி மாறிய பின் வட மாகாண முதலமைச்சர் க. வி. விக்னேஸ்வரன் முள்ளிவாய்க்காலிலேயே அஞ்சலி செலுத்தினார். அந்தத் தளர்வு நீடிக்கவில்லை. 2021 ஜனவரி 8 இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலிருந்த நினைவுத்தூபி இடிக்கப்பட்டது. மாணவர் உண்ணாவிரதம் இருந்ததால் சில நாள்களிலேயே புதிய அடிக்கல் நடப்பட்டது. தூபி மீண்டும் எழுந்தது. அதே ஆண்டு மே மாதம் முள்ளிவாய்க்காலில் அஞ்சலி நடக்கும் இடத்துக்குக் கொண்டுவரப்பட்ட நினைவுக்கல் இரவோடிரவாகக் காணாமற்போனது. 2024 மே மாதம் திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரில் கஞ்சி வழங்கிய பெண்கள் கைதாயினர். இறந்தவர் பெயரில் கஞ்சி ஊற்றுவதைக் குற்றமாகக் காணும் அரசு நல்லிணக்கம் பற்றிப் பேசுவதில் பொருளில்லை.

நம்பிக்கை தந்த தருணமும் உண்டு. 2022 மே 18 அன்று, பொருளாதார நெருக்கடிக் கிளர்ச்சியின்போது, கொழும்பு காலிமுகத்திடலில் சிங்களவரும் முஸ்லிம்களும் தமிழரும் சேர்ந்து அக்கஞ்சியைப் பகிர்ந்தனர். அதே நாளில் கனடிய நாடாளுமன்றம் மே 18ஐத் தமிழினப் படுகொலை நினைவு நாளாக ஏற்கும் தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றியது. தமிழ்நாட்டில் தஞ்சாவூரை அடுத்த விளாரில் 2013 முதல் ‘முள்ளிவாய்க்கால் முற்றம்’ என்னும் நினைவிடம் இருக்கிறது. கனடாவின் பிரம்ப்டன் நகரில் 2025இல் நினைவுச்சின்னம் திறக்கப்பட்டது.

பத்தரமுல்லையிலுள்ள அரசின் நினைவுத்தூபியில் இறந்த படையினரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. முள்ளிவாய்க்காலில் இறந்த பொதுமக்களுக்கு அப்படியொரு முழுப் பெயர்ப்பட்டியலை அரசு வெளியிடவில்லை. நேரில் கண்டவர்களுக்கு வயதாகிறது. இழந்தவரின் பெயர், ஊர், வயது, கடைசியாகக் கண்ட இடம் ஆகியவற்றை ஒவ்வொரு குடும்பமும் இப்போதே எழுதிவைக்க வேண்டும்.