பேரணாம்பட்டுக்குப் பத்துத் தட்டு



பழைய தமிழ்த் தட்டச்சில் 'ம்' வேண்டுமானால் முதலில் புள்ளியைத் தட்டணும், உருளை நகராது. அப்புறம் 'ம' வந்து அதன் கீழே உட்காரும். கணினி வந்ததும் ஆளுக்கொரு விசைப்பலகை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம் 99 மாநாட்டை ஒட்டித்தான் தமிழ்நாடு அரசு 'தமிழ்99' என்ற ஒரே அமைப்பை ஏற்றது. பெரும்பாலும் இடக்கையில் உயிர், வலக்கையில் மெய். உங்களுக்குக் கரும்பலகையில் போட்ட க்+ஆ=கா கணக்குதான்!

நம் ஊரையே அடித்துப் பாருங்கள்: ப, ஏ, ர, ண, ஆ, ம, ப, ட, ட, உ. பத்தே தட்டு. ம்ப, ட்ட இரண்டுக்கும் புள்ளியை அதுவே வைத்துவிடும். 2019இல் விண்டோஸ் 10க்குள்ளேயே இது வந்துவிட்டது.

என் பேரன் ஆங்கில எழுத்தில் அடித்துத்தான் தமிழ் வரவழைக்கிறான். "தாத்தா, நம்ம ஊருக்கு எந்த 'ன'?" என்று கேட்கிறான்.