அசையாக் கோபுரமும் சுழலும் ஆன்டெனாவும்

பிபிசி சிற்றலை ஒலிபரப்பின் 49 மீட்டர் அலைகள் பறக்கும் விமானத்தில் பட்டுத் திரும்புவதை ராபர்ட் வாட்சன் வாட்டும் அர்னால்டு வில்கின்ஸும் 1935 பிப்ரவரி 26 அன்று டாவென்ட்ரி அருகே மெய்ப்பித்த பின்னரே, பிரிட்டன் தன் கடலோரத்தில் ‘செயின் ஹோம்’ என்னும் ரேடார் நிலைய வரிசையை எழுப்ப முற்பட்டது. ஆன்டெனாவின் அகலம் அலைநீளத்தைப்போல் எத்தனை மடங்கோ அதற்கேற்பவே அலைக்கற்றை குறுகும். அன்று கைவசமிருந்த வலிமையான அலைபரப்பிகள் 10 மீட்டருக்கும் மேற்பட்ட அலைநீளத்தில் இயங்கியமையால், கூரிய கற்றை பெற நூறு மீட்டர் அகல அமைப்பைச் சுழற்ற வேண்டியிருந்திருக்கும்; போர் நெருங்கிய நிலையில் அது நடவாத காரியம்.

ஆகவே, 110 மீட்டர் எஃகுக் கோபுரங்களில் கட்டிய கம்பிகள் நிலையத்தின் முன்புறம் முழுவதையும் ஒருசேர அலைகளால் நனைக்க, 73 மீட்டர் மரக்கோபுரங்கள் எதிரொலியை ஏற்றன. ஆற்றல் பரந்து சிதறுவதை ஈடுகட்ட மிகுந்த மின்திறன் செலவாயிற்று. கோபுரங்களுக்குப் பின்னால், உள்நாட்டு வானில் பறப்பவற்றைத் தொடரவும் வழியில்லை. ஆனால் முன்புறத்து விமானங்கள் எல்லாம் ஒவ்வொரு துடிப்பிலும் புலப்பட்டன. திசையறிய, குறுக்காக அமைந்த இரு ஆன்டெனாக்களின் குறிப்பலைகளை ஒப்பிடும் கோனியோமீட்டர் என்னும் கருவியின் குமிழை, திரையில் எதிரொலியின் முனை சுருங்கி மறையும்வரை இயக்குநர் திருப்பி, அந்நிலையின் கோணத்தைப் படித்தார். உயரமோ, கோபுரத்தின் வெவ்வேறு மட்டங்களிலிருந்த ஆன்டெனாக்களில் கிடைத்த வலிமைகளின் ஒப்பீட்டால் தெரிந்தது. திறமையான கையில் மட்டுமே இது துல்லியம் தந்தது என்பதை வடிவமைப்பின் குறையாகவே கொள்ள வேண்டும்.

நேராக வரும் அலையும் கடல்மேல் பட்டுத் தெறிக்கும் அலையும் தாழ்ந்த கோணங்களில் ஒன்றையொன்று அழித்ததால், தாழப் பறந்த விமானங்கள் தப்பின. அந்த இடைவெளியை அடைக்க 1.5 மீட்டர் அலையில் வந்த ‘செயின் ஹோம் லோ’வின் ஆன்டெனா சுழலத்தக்க அளவில் சிறியது, தொடக்கத்தில் அதைச் சுழற்றியது மிதிவண்டிப் பெடல்களை மிதித்த ஆளே. கற்றை கூர்மையுற்றது, ஆயினும் அது ஒருபுறம் நோக்குகையில் மறுபுறம் இருண்டது.

ஜெர்மனியின் ‘மாமுட்’ ரேடார் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழியை நாடியது. 30 மீட்டர் அகலத்து அசையாத அணியில், ஒவ்வோர் உறுப்புக்கும் செல்லும் அலையின் கட்டத்தை, அதாவது ஏற்ற இறக்கத்தின் காலவேறுபாட்டை, மாற்றியே கற்றையைத் திருப்பினர்; செயின் ஹோம் தட்டுத்தடுமாறியேனும் அளந்த உயரத்தை அதனால் அளக்க இயலவில்லை.