எதிர்வீட்டு ரிமோட்

ஒரு சாயங்காலம். ஆரணியில் எங்கள் தெரு. கூடத்தில் சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. ஆயா சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள், ரிமோட் அவள் மடியில். திடீரென்று சேனல் மாறியது. அவள் ரிமோட்டைத் தொடவே இல்லை.

"எவன்டா அது மாத்தினது?"

நாங்கள் யாரும் மாற்றவில்லை. ஆயா பழைய சேனலை வைத்தாள். மறுபடி மாறியது, பிறகு சத்தம் தானாக ஏறியது. தறிக்குழிக்குள் இருந்த அப்பா, "டேய், அந்தச் சனியனக் கீழ வைங்கடா" என்று கத்தினார். ஆயா விபூதி டப்பாவைத் தேட ஆரம்பித்துவிட்டாள். மூன்றாவது முறை மாறியபோது எதிர்வீட்டுத் திண்ணையிலிருந்து அடக்க முடியாத சிரிப்பு வந்தது. அந்த வீட்டுப் பையன் அவர்கள் ரிமோட்டை எங்கள் வாசலைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தான்.

எதிர்வீட்டு டிவியும் எங்கள் டிவியும் ஒன்றுதான். எங்கள் தெருவில் அநேகமாக எல்லா வீட்டிலும் அதே 14 அங்குலப் பெட்டி, அதே ரிமோட். கலைஞர் டிவி என்று சொல்வோம். (அந்தப் பெயரில் 2007-ல் ஒரு சேனலும் வந்து குழப்பத்தைக் கூட்டியது.)

2006 சட்டமன்றத் தேர்தலில் திமுக தந்த வாக்குறுதி அது. ஆட்சிக்கு வந்ததும் அந்த ஆண்டு செப்டம்பரில், அண்ணா பிறந்தநாளை ஒட்டி, விநியோகம் தொடங்கியது. எல்காட் மூலம் மொத்தமாகக் கொள்முதல் செய்து, கட்டம் கட்டமாகக் கொடுத்தார்கள். 2011-ல் ஆட்சி மாறித் திட்டம் நிற்பதற்குள் 1.5 கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் வீடுகளுக்குப் போயிருந்தன. அடுத்து வந்தவர்கள் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்தார்கள். இதெல்லாம் சரியா தப்பா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2013 ஜூலையில் வந்த தீர்ப்பு, தேர்தல் அறிக்கையில் இப்படி வாக்குறுதி தருவது சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகாது என்றது. அந்த விவாதம் இன்னும் முடியவில்லை, நான் அதற்குள் போகப்போவதில்லை. என் ஆர்வமெல்லாம் அந்த ரிமோட்டின் மேல்தான்.

உலகம் முழுக்க யுனிவர்சல் ரிமோட் என்ற சாமான் பிறந்த காரணம், வீட்டில் பல கம்பெனிப் பெட்டிகள் சேர்ந்துபோனது. டிவி ஒருத்தருடையது, விசிஆர் இன்னொருத்தருடையது, பாட்டுப்பெட்டி மூன்றாமவருடையது. ஆளுக்கொரு ரிமோட். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒன்று வேண்டும் என்று கேட்டார்கள். எங்கள் தெருவில் அந்தச் சிக்கல் தலைகீழாகத் தீர்ந்துவிட்டது. எல்லா டிவிக்கும் பொருந்துகிற ரிமோட்டை யாரும் செய்யவில்லை. எல்லா வீட்டிலும் ஒரே டிவியை வைத்துவிட்டார்கள், அவ்வளவுதான். ரிமோட் உடைந்தால் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிச் சேனல் மாற்றிவிட்டுத் திருப்பிக் கொடுத்த காலம் அது. உறைமோர் வாங்குவதுபோல.

அதற்கு முன்னால் ரிமோட்டுக்கே இங்கே வேலை கிடையாது. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15-ல். வண்ணம் 1982-ல் ஆசிய விளையாட்டுப் போட்டியோடு வந்தது. இருந்தது ஒரே நிலையம். மாற்ற எதுவுமில்லாதபோது மாற்றும் கருவி எதற்கு? டயனோரா, சாலிடேர் என்று மெட்ராஸ் கம்பெனிப் பெட்டிகள். திருகுவதற்குக் குமிழ், பெட்டிக்கு மரக்கதவு, கதவுக்குப் பூட்டு. தேவிகாபுரம் பக்கத்திலிருந்து வரும் எங்கள் உறவுக்காரர் ஒருவர் சொல்வார்: "பஞ்சாயத்து டிவிக்குச் சாவி எவன்கிட்ட இருக்கோ அவன்தான்யா ராஜா." அந்தச் சாவிதான் எங்கள் பக்கத்தின் முதல் ரிமோட் என்று வைத்துக்கொள்ளலாம். 1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி வந்தது. கேபிள் கம்பி தெருத்தெருவாக ஓடியது. அதன் பிறகுதான் உட்கார்ந்த இடத்தில் மாற்றவேண்டிய அவசியம் இங்கே வந்தது.

அமெரிக்காவில் அந்த அவசியம் நாற்பது வருடம் முன்பே வந்துவிட்டது. ஜெனித் கம்பெனியின் தலைவருக்கு விளம்பரம் என்றால் ஆகாது, உட்கார்ந்த இடத்திலிருந்தே வாயை அடைக்க ஏதாவது செய்யுங்கள் என்றார். 1950-ல் வந்தது கம்பி வைத்த ரிமோட், பெயரே 'லேஸி போன்ஸ்', சோம்பேறி என்று அர்த்தம். நடமாடுகிறவர்கள் கம்பி தடுக்கி விழுந்தார்கள். 1955-ல் யூஜின் பாலி என்ற பொறியாளர் துப்பாக்கி வடிவில் ஒரு டார்ச் லைட் செய்தார். திரையின் நான்கு மூலையில் நான்கு ஒளியுணரிகள். எந்த மூலையில் வெளிச்சம் அடிக்கிறோமோ அந்த வேலை நடக்கும். ஆனால் ஜன்னல் வழியாக வெயில் விழுந்தாலும் சேனல் மாறியது. மறுவருடம் ராபர்ட் அட்லர் ஒளியை விட்டுவிட்டு ஒலியைப் பிடித்தார். பொத்தானை அழுத்தினால் உள்ளே ஒரு சின்னச் சுத்தியல் அலுமினியக் கம்பியைத் தட்டும், காதுக்கு எட்டாத சத்தம் போகும். பேட்டரியே வேண்டாம். இருபத்தைந்து வருடம் அந்த முறைதான் ஓடியது. அதிலும் சில்லறைக் காசு குலுங்கினால், நாய்ச் சங்கிலி அசைந்தால் சேனல் மாறியது. எதிர்வீட்டுப் பையனுக்கு முன்னோடிகள் உண்டு என்பதற்காகச் சொல்கிறேன்.

இப்போது நம் கையிலிருக்கும் ரிமோட் அகச்சிவப்பு ஒளியில் வேலை செய்கிறது. கண்ணுக்குத் தெரியாது. போன் கேமராவுக்கு நேராக ரிமோட்டை வைத்து அழுத்திப் பாருங்கள், பல போன்களில் ஊதா நிறத்தில் மினுக்கும். ரிப்பேர் கடைக்காரர்கள் ரிமோட்டுக்கு உயிர் இருக்கிறதா என்று பார்ப்பது இப்படித்தான். அந்த ஒளி நொடிக்குச் சுமார் 38,000 தடவை துடிக்கிறது. வெயிலும் குண்டு பல்பும் அப்படித் துடிக்காது, அதனால் டிவி ஏமாறாது. அந்தத் துடிப்பை நீளமாகவும் குட்டையாகவும் விட்டுவிட்டு அனுப்புவதுதான் செய்தி. நீள இடைவெளி என்றால் ஒன்று, குட்டை என்றால் பூஜ்யம்.

இதை முதன்முதலாகப் படித்தபோது எனக்குப் புதிதாகவே இல்லை. எங்கள் வீட்டு விட்டத்துக்குக் கீழே அதே சமாச்சாரம் தொங்கிக்கொண்டிருந்தது.

தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி. அதில் மாலை மாலையாகக் கோத்த அட்டைகள், அட்டை முழுக்க ஓட்டைகள். அப்பா மிதிக்கட்டையை ஒருமுறை மிதித்தால் ஒரு அட்டை வந்து ஊசிகளின் மேல் அழுந்தும். ஓட்டை இருக்கிற இடத்தில் ஊசி உள்ளே போகும், அதன் கொக்கி மேலே ஏறும், அதில் கட்டிய பாவு இழை தூக்கும். ஓட்டை இல்லாத இடத்தில் இழை கிடந்தபடி கிடக்கும். நடுவில் ஊடை ஓடும். அடுத்த மிதிக்கு அடுத்த அட்டை. மயிலும் மாங்காயும் அன்னப்பட்சியும் முந்தியில் வருவது இப்படி, உண்டு இல்லை என்ற இரண்டே வார்த்தையில். பிரான்ஸில் லியோன் என்கிற, ஆரணியைப் போலவே பட்டை நம்பிப் பிழைத்த ஊரில், ஜோசப் மேரி ஜக்கார்டு 1804-ல் இதைக் கொண்டுவந்தார். அதற்கு முன் தறியில் ஒரு பையன் உட்கார்ந்து கயிறு கயிறாக இழுப்பான். அவன் வேலையை அட்டை எடுத்துக்கொண்டது. பட்டுத்துணியில் ஜக்கார்டின் உருவத்தையே 24,000 அட்டை வைத்து நெய்தார்கள். கணினிக்கு முதல் வரைபடம் போட்ட சார்லஸ் பாபேஜ் அதில் ஒன்றை வாங்கித் தன் வீட்டில் வைத்திருந்தார்.

ரிமோட்டின் மொழியில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. ஜப்பானின் என்இசி வகுத்த முறை பல கம்பெனிகளில் புழங்குகிறது. அதில் ஒரு அழுத்தலுக்கு 32 எழுத்து போகும். எந்தச் சாதனம் என்று எட்டு, உடனே அதையே தலைகீழாக்கி எட்டு. என்ன கட்டளை என்று எட்டு, மறுபடி அதன் தலைகீழ் எட்டு. இரண்டும் பொருந்தினால்தான் டிவி கேட்கும். புடவையைத் திருப்பிப் பார்த்திருக்கிறீர்களா? முன்பக்கம் மேலே வந்த இழை பின்பக்கம் கீழே இருக்கும். புட்டா சரியாக விழுந்திருக்கிறதா என்று அப்பா அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பார்ப்பார். அதே சோதனைதான்.

ஒற்றுமை அதோடு நிற்காது. 240 கொக்கிப் பெட்டிக்கு வெட்டிய அட்டை 120 கொக்கிப் பெட்டிக்கு ஆகாது. அதேபோல பிலிப்ஸ் தனக்கென்று ஒரு மொழி வகுத்தது, 14 எழுத்தில் முடிந்துவிடும். சோனிக்கு வேறு. ஒருத்தர் பேசுவது மற்றவருக்குப் புரியாது. இந்தக் கூச்சலில்தான் ஆப்பிளை விட்டு வெளியே வந்த ஸ்டீவ் வாஸ்னியாக் 1987-ல் 'கோர்' என்ற ரிமோட்டை விற்றார். எந்த ரிமோட்டையும் அதன் முகத்துக்கு நேரே வைத்து அழுத்தினால் அது கேட்டு மனப்பாடம் செய்துகொள்ளும். புத்திசாலிச் சாமான், ஆனால் சாதாரண ஆளுக்கு அதை அமைக்கத் தெரியவில்லை. பெரிதாக விற்கவில்லை.

இந்த வரலாறு முழுக்க ஒரு சோபா இருக்கிறது. வேலை முடிந்து வந்து, சாய்ந்து, எழுந்திருக்க மனமில்லாத ஒருவர். அவருக்காகத்தான் எல்லாம். நெசவு வீட்டில் அந்த ஆள் கிடையாது. அப்பா ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் உட்கார்ந்தேதான் இருந்தார். ஆனால் இரண்டு கால் மிதியில், ஒரு கை நாடாக் கயிற்றில், இன்னொன்று பலகையில். அம்மாவுக்கு ராட்டையும் நூலும். எழுந்திருக்க வேண்டியதில்லை என்று விற்கப்பட்ட பொருள், எழுந்திருக்கவே முடியாத ஆளுக்கு உதவவில்லை. அப்பா டிவி பார்த்ததைவிடக் கேட்டதுதான் அதிகம். பெட்டிச் சத்தத்துக்கு மேலே கேட்கவேண்டும், அதனால் எங்கள் தெருவில் எல்லா டிவியும் அலறும். "சவுண்ட் வைடா", "அந்தப் பாட்டுக்குப் போடா." ரிமோட் எங்கள் கையில், ஆயா மடியில். குடும்பத் தலைவர்தான் ரிமோட்டை வைத்திருப்பார் என்று எழுதுகிறவர்கள் ஒருநாள் ஒண்ணுபுரம் பக்கம் வந்து பார்க்கலாம். 2012-ல் மணிக்கணக்கில் கரண்ட் போன நாட்களில் டிவி அணைந்து கிடந்தது, தறி மட்டும் ஓடியது. அந்த அமைதியில் நாங்கள் அப்பாவோடு பேசினோம் என்று எழுதினால் அழகாகத்தான் இருக்கும். உண்மையில் எல்லோரும் எரிச்சலில் இருந்தோம்.

பிறகு இரண்டாவது பெட்டி வந்தது. கேபிள் டிஜிட்டல் ஆக வேண்டும் என்று சட்டம். 2012-ல் பெருநகரங்களில் தொடங்கி, எங்களைப் போன்ற ஊர்களுக்குக் கடைசியில் எட்டியது. 2011-ல் மாதம் 70 ரூபாய்க்குக் கேபிள் தரத் தொடங்கிய அரசு கேபிள் நிறுவனத்துக்கு 2017 ஏப்ரலில்தான் டிஜிட்டல் உரிமம் கிடைத்தது, செட்டாப் பாக்ஸ் அந்த செப்டம்பரில் வந்தது. தனியார் பெட்டிகளும் போட்டி போட்டன. எங்கள் வீட்டில் எது என்பது இங்கே முக்கியமில்லை. யாரோ வந்து மாட்டினார், கையெழுத்து வாங்கினார், போய்விட்டார்.

அன்றிலிருந்து வீட்டில் இரண்டு ரிமோட். டிவியை எழுப்ப ஒன்று, சேனலுக்கு இன்னொன்று. சத்தம் இரண்டிலும் உண்டு. டிவி ரிமோட்டில் தப்பித் தவறிச் சேனல் பொத்தானை அழுத்தினால் ஏவி போய்விடும், திரை நீலமாகிவிடும். மீண்டும் ஏவிக்கு வர எந்தப் பொத்தான் என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். ஆயாவுக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வரும்.

ஒரு மத்தியானம் நான் கல்லூரியிலிருந்து சீக்கிரம் வந்தேன். அம்மாவும் அப்பாவும் ஒரு சாவுக்குப் போயிருந்தார்கள். கூடத்தில் ஆயா. டிவியில் நீலத்திரை. அவள் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

"எவ்ளோ நேரமா இப்படி கீது?"

"நீங்க போனதுலேர்ந்து."

"பக்கத்து வீட்ல கூப்ட்டிருக்கலாம்ல?"

"தெனம் கூப்புட்டா என்னா நெனைப்பாங்க கண்ணு?"

தினம் என்று சொன்னதில்தான் எனக்கு உறைத்தது. பத்து வருடம் தானாக டிவி போட்டு, தானாக சேனல் மாற்றி, எங்களையெல்லாம் அதட்டி வைத்திருந்தவள், இரண்டாவது பெட்டி வந்த நாளிலிருந்து யாராவது வரட்டும் என்று காத்திருந்திருக்கிறாள். எங்களுக்குத் தெரியாது. சாயங்காலம் நாங்கள் வரும்போது டிவி ஓடவில்லை என்றால், பார்க்கப் பிடிக்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டோம்.

பஜாரில் ஒரு கடையில் பிளாஸ்டிக் உறையில் ரிமோட்டுகள் சரம் சரமாகத் தொங்கும். எல்லா டிவிக்கும் ஆகும் என்று ஒன்றைக் கேட்டேன். அதை டிவிக்கு நேரே பிடித்து ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தால், தனக்குத் தெரிந்த கம்பெனி மொழிகளை ஒவ்வொன்றாகப் பேசிப் பார்க்கும். டிவி அணைந்தால் பாஷை கிடைத்துவிட்டது என்று அர்த்தம். கடைக்காரர் எடுத்துக் கொடுக்கவில்லை. "செட்டாப் பாக்ஸ் ரிமோட்டக் கொண்டாங்க தம்பி, டிவி ரிமோட்டையும்" என்றார்.

கொண்டுபோனேன். பெட்டி ரிமோட்டின் மேல்பக்கம், நாங்கள் ஒருநாளும் தொடாத நான்கு சின்னப் பொத்தான்கள். அவர் எதையோ அழுத்திப் பிடித்தார், சிவப்பு விளக்கு நின்று எரிந்தது. இரண்டு ரிமோட்டையும் மூக்கோடு மூக்கு வைத்தார். இதில் ஒரு அழுத்து, அதில் ஒரு அழுத்து. டிவியை எழுப்ப, சத்தம் கூட்ட, குறைக்க, ஏவி. இரண்டு நிமிடம். வாஸ்னியாக் செய்த அதே வேலை, அந்த நான்கு பொத்தானுக்குள் மாட்டிய நாளிலிருந்தே இருந்திருக்கிறது. யாரும் சொல்லவில்லை. கடைக்காரர் பத்து ரூபாய் வாங்கினார். அதையும் யோசித்துத்தான் வாங்கினார்.

வீட்டுக்கு வந்து டிவி ரிமோட்டைப் பரணில் போட்டேன். ஆயா பெட்டி ரிமோட்டை வாங்கிப் பார்த்தாள். தறியடியில் கிடந்த அரக்குச் சிவப்புப் பட்டு நூல்முனையை எடுத்து, எழுப்பும் பொத்தானுக்குப் பக்கத்தில் சுற்றி முடிச்சுப் போட்டாள். ஏவிக்குப் பச்சை நூல். எண்களுக்கு ஒன்றும் தேவைப்படவில்லை, எண் அவளுக்கு நன்றாகவே தெரியும். கூலிக் கணக்கை வீட்டில் அவள்தான் பார்த்தாள்.

அதற்குப் பிறகு ரிமோட்டின் கதை வேகமாக ஓடிவிட்டது. அகச்சிவப்பு விளக்கு வைத்த ரெட்மி போன்கள் வந்து, டீக்கடை டிவியை அணைத்துவிட்டு ஒன்றும் தெரியாததுபோல் உட்கார்ந்திருக்கும் புதிய தலைமுறை உருவானது. பணக்கார வீடுகளின் யுனிவர்சல் ரிமோட்டான ஹார்மனியை லாஜிடெக் 2021-ல் நிறுத்திவிட்டது. இப்போது எச்டிஎம்ஐ கம்பி வழியாகவே பெட்டிகள் தங்களுக்குள் பேசிக்கொள்கின்றன.

ஆயா இப்போது இல்லை. நூல் சுற்றிய ரிமோட் சாமி மாடத்தில் சுருக்குப்பைக்குப் பக்கத்தில் இருக்கிறது. சுவரில் பெரிய டிவி, அதற்கு வாயால் சொன்னால் கேட்கிற ரிமோட். வாங்கி வந்த அன்று அப்பாவுக்குத்தான் சந்தோஷம். கையும் காலும் தறியில் இருக்கும்போதே இனி யாரையும் கெஞ்ச வேண்டாம் என்று நினைத்தார். குழிக்குள் இருந்தபடியே பழைய இளையராஜா பாட்டு வேண்டும் என்று உரக்கச் சொன்னார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி சொன்னார்.

"அதுல மைக் பட்டன அமுக்கிக்கினே பேசணும்பா" என்றேன்.

அப்பா மிதிப்பதை நிறுத்தவில்லை. "அப்ப வந்து அமுக்குடா."